மழலையும் ஒலிப்புக் குறையும்

மழலை கேட்பதற்கு இனியது. ஆயினும் அது எந்த வயது வரை மழலை, எந்த வயதிற்குப் பின் குறை என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் வேண்டும். கொழும்பில் முதலாம் தரத்திற்கு வரும் பிள்ளைகளுள் ஆண்டுதோறும் ஓரிருவர் 'கதவு' என்பதை 'ததவு' என்றும், 'கண்' என்பதைத் 'தண்' என்றும் சொல்லக் கேட்கிறேன். மற்றப் பிள்ளைகள் நகைப்பர். சில மாதங்களில் அப்பிள்ளை வாய் திறப்பதையே விட்டுவிடும். வாய் திறவாத பிள்ளையை மந்தம் என்று கருதிப் பின்வரிசையில் இருத்துவது நம் பாடசாலைகளில் வெகு எளிதாக நடந்துவிடும் காரியம். அறிவிற் குறைவில்லாத பிள்ளைக்கு நாவின் பழக்கம் ஒன்றினால் நேரும் கதி இது.

ஒலிகள் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் பிறப்பியலில் வகுத்துரைத்தவர் தொல்காப்பியர். ககரத்திற்கு அடிநா எழுந்து அண்ணத்தைப் பொருந்த வேண்டும். தகரத்திற்கு நுனிநா பல்லின் அடியைப் பொருந்த வேண்டும். 'ததவு' என்னும் பிள்ளையின் நா பின்னே எழ வேண்டிய இடத்தில் முன்னேயே தங்கிவிடுகிறது. இவ்வாறு, எந்த ஒலி, எவ்விடத்தில், எதுவாக மாறுகிறது என்று காண்பதே மதிப்பீட்டின் தொடக்கம்.

எல்லா ஒலிகளும் ஒருங்கே வருவதில்லை. உதட்டிற் பிறக்கும் பகர மகரங்கள் முந்தும். ரகர ழகரங்கள் பிந்தும். உலகின் 27 மொழிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, ஐந்து வயதளவில் பிள்ளைகள் தம் மொழியின் மெய்யொலிகளை நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றேனும் செம்மையாக ஒலிப்பர் என்று காட்டிற்று. நம் பிள்ளைகள் ஐந்து வயது நிரம்பியே முதலாம் தரத்திற் சேர்கின்றனர். அவ்வயதில் ழகரம் வரவில்லையே என்று கலங்க வேண்டியதில்லை. ககரம் வரவில்லையாயின் காத்திருத்தல் ஆகாது.

இனி, வழக்கு வேறு, குறை வேறு என்பதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையிற் குடியிருக்கும் வீட்டுப் பிள்ளை தனி றகரத்தை நுனிநா அழுத்தி வெடிப்பொலியாக ஒலிக்கும். மலையகத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் வாழும் வீட்டுப் பிள்ளை அதனை ரகரம்போல் ஒலிக்கும். இரண்டும் பிழையல்ல. 'பழம்' என்பதைப் 'பளம்' என்பது நம் நாட்டில் பெரியோர் பலருக்கும் உள்ள வழக்கே. ஆங்கிலத்தின் ஃ சேர்ந்த பகரம் வராவிட்டாலும் குறையென்பதில்லை. நாமெல்லோரும் கோப்பி என்று சொல்லித்தானே பருகி வருகிறோம்! ஆதலின் பிள்ளையின் பேச்சைப் புத்தகத் தமிழோடு ஒப்பிடாமல், தாய் தந்தையர் பேச்சோடு ஒப்பிடுதல் வேண்டும். வீட்டில் தமிழும் தெருவிற் சிங்களமும் கேட்டு வளர்வது ஒலிப்புக் குறையை உண்டாக்குவதில்லை. உண்மையான குறையாயின் அது பெரும்பாலும் பிள்ளை பேசும் இரு மொழிகளிலும் தலைகாட்டும்.

ஆசிரியர் செய்யத்தக்கது மிக எளிது. சில படங்களைக் காட்டிப் பெயரைச் சொல்லச் செய்யலாம். நாம் முதலிற் சொல்லிப் பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் செய்தல் கூடாது. பார்த்துச் சொல்லும்போது பிள்ளை தன் வழக்கத்தை விட நன்றாகவே சொல்லிவிடக்கூடும். ஒவ்வோர் ஒலியும் சொல்லின் முதலிலும் இடையிலும், வருமாயின் ஈற்றிலும், எவ்வாறு அமைகிறது என்று குறித்துக்கொள்ளுதல் வேண்டும். மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு செவி நிறுவனத்தில் 1986ஆம் ஆண்டிலேயே தமிழ் ஒலிப்புச் சோதனை ஒன்று உருவாக்கப்பட்டது. அத்தகையவற்றை நாம் பயன்படுத்துங்கால் சொற்களை நம் வீட்டுச் சொற்களாக மாற்றிக்கொள்ளல் நன்று. அங்கே 'ஷூ' என்பது இங்கே 'சப்பாத்து' அன்றோ? படத்தின் பின், பிள்ளையைக் கதை சொல்லவும் விட வேண்டும். தனிச்சொல்லில் நேராக வரும் ஒலி, ஓடும் பேச்சிற் சிதைவதுண்டு.

பெற்றோரிடமும் ஒரு வினா: பிள்ளையின் பேச்சு யார் யாருக்கு விளங்குகிறது? தாய்க்கு விளங்குவது வியப்பன்று. உறவினருக்கு, தோழருக்கு, ஆசிரியருக்கு, முன்பின் அறியாத கடைக்காரருக்கு விளங்குகிறதா? 2012இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அமைத்த ஏழு வினாக்கொண்ட அளவுகோலும் இதனையே கேட்கிறது.

ஆயினும் இது சல்லடை மாத்திரமே. நோயின் பெயர் சூட்டுவது ஆசிரியர் வேலையன்று. முதலிற் செவியைச் சோதிப்பித்தல் வேண்டும். நடுச்செவியில் நீர் தங்கிய பிள்ளைக்குச் சில ஒலிகள் தெளிவாக எட்டுவதில்லை. கேளாத ஒலியை நா எவ்வாறு கற்கும்? பிறகு அண்ணமும் நாவும் பற்களும் பார்க்கப்படும். பேச்சு மொழிச் சிகிச்சையாளருக்கான பயிற்சி களனிப் பல்கலைக்கழகத்தின் இராகமை மருத்துவ பீடத்தில் 1997இல் தொடங்கிற்று. தமிழில் மதிப்பிட வல்லோர் இன்னும் போதிய அளவில் இல்லை. அதனாலேயே பாடசாலையிலிருந்து செல்லும் குறிப்பு பயனுடையதாக இருத்தல் வேண்டும்.

'பேச்சுச் சரியில்லை' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். பிள்ளை சொன்ன பத்துப் பதினைந்து சொற்களை, சொன்னபடியே தமிழெழுத்தில் எழுதுங்கள். வீட்டில் வழங்கும் மொழி, பெற்றோரின் ஊர், காதுவலி வந்ததுண்டா, குறையைப் பிள்ளை தானே உணர்ந்து நாணுகிறதா என்பனவற்றையும் சேர்த்து எழுதி, பெற்றோர் கையிற் கொடுத்து அரசாங்க வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். அங்கே இதற்குக் கட்டணம் இல்லை.