வீரநாராயண ஏரிக்கரையில் கொஞ்சம் நின்று போவோம்

(நமது குடியிருப்பின் சனிக்கிழமை மாலை வாசிப்புக் கூட்டத்தில் பேசியது. செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேச்சில் விட்டுப்போன ஒன்றிரண்டை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



நான் தமிழ் படித்தவன் இல்லை. பி.காம். முடித்துவிட்டு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். ‘பொன்னியின் செல்வன்’ பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். ஆனால் இந்தப் புத்தகத்தை மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் பத்தாவது அத்தியாயம் தாண்டாமல் மூடிவைத்த அனுபவம் எனக்கு உண்டு. எங்கே இடறும் என்று தெரிந்தவன் என்ற தகுதியில்தான் பேசுகிறேன்.

2022-லும் 2023-லும் சினிமா வந்ததும் நம் குடியிருப்பில் பத்துப் பன்னிரண்டு வீட்டில் ஐந்து பாகமும் வாங்கினார்கள். கல்கியின் எழுத்துகள் 1999-லேயே நாட்டுடைமை ஆகிவிட்டதால் விலையும் அதிகமில்லை. போன மாதம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டபோது முதல் பாகமான ‘புது வெள்ளம்’ முடித்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் சொன்ன காரணம் ஒன்றுதான்: “வார்த்தை புரியலை சார், கதை எப்போ ஆரம்பிக்கும்னும் தெரியலை.”

கதை முதல் அத்தியாயத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஆடிப் பதினெட்டு. ஒரு வாலிபன் குதிரையில் ஏரிக்கரையோடு போகிறான். அவ்வளவுதான் நடக்கிறது. மற்றதெல்லாம் அவன் கண்ணில் படுகிற தண்ணீர், ஜனங்கள், சாப்பாடு, படகு. சினிமா பார்த்த கண்ணுக்கு இது பொறுக்காது. ஆனால் இது 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்த கதை. அன்றைக்கு வாசகருக்கு அடுத்த இதழ் வரை ஏழு நாள் இருந்தது. ஏரிக்கரையில் நின்று வேடிக்கை பார்க்க அவசரம் இல்லை.

முதல் வார்த்தை ‘காதம்’. தில்லைக்கு மேற்கே இரண்டு காத தூரத்தில் ஏரி. நீளம் ஒன்றரைக் காதம், அகலம் அரைக் காதம் என்று கல்கி கணக்குக் கொடுக்கிறார். அகராதியில் பார்த்தால் காதம் என்றால் சுமார் பத்து மைல். வங்கிக்காரன் புத்தி, சும்மா விடுமா? இன்றைய வீராணம் ஏரியின் நீளம் சுமார் 16 கிலோமீட்டர், அகலம் ஐந்தரைக்கு மேல். பத்து மைல் கணக்கில் ஏரி 24 கிலோமீட்டர் ஆகிவிடும், டேலி ஆகவில்லை. திருப்பிப் போட்டேன். 16-ஐ ஒன்றரையால் வகுத்தால் காதம் பத்தே முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பாதி ஐந்தே கால். அகலத்துக்குக் கிட்டத்தட்ட சரி. இரண்டு காதம் இருபத்தொன்று. சிதம்பரத்திலிருந்து ஏரிக்கு ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, இந்தப் புத்தகம் படிக்கும்போது காதம் என்றால் பத்துப் பதினோரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரிலிருந்து அரக்கோணம் போவதைவிடக் கொஞ்சம் குறைவு. நாழிகைக்கு இந்தச் சிரமமே இல்லை. ஒரு நாளைக்கு அறுபது நாழிகை, ஒன்று 24 நிமிஷம்.

அடுத்து ‘கணவாய்’. வந்தியத்தேவன் ஏரியின் எழுபத்து நாலு கணவாய்களை எண்ணிக்கொண்டே போகிறான். மலைக்கு நடுவே உள்ள பாதை என்றுதான் நாம் பூகோளத்தில் படித்தோம். மீன் கடையில் கேட்டால் வேறு ஒன்றைக் காட்டுவார்கள். இங்கே அது ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாயும் வழி, அதாவது மதகு. மிஞ்சின வெள்ளம் வழிந்தோடுவது கலிங்கு, அது வேறு. ஏரிப் பாசனம் உள்ள கிராமத்திலிருந்து வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஏரிக்கரையில் ஜனங்கள் கமுகு மட்டையில் கூட்டாஞ்சோறும் சித்ரான்னமும் வைத்துச் சாப்பிடுகிறார்கள். கமுகு என்றால் பாக்கு மரம். போன பொங்கலுக்கு நம் சங்கம் வாங்கியதே பாக்கு மட்டைத் தட்டு, அதன் பாட்டன்தான் அது. சித்ரான்னம் என்று படித்ததும் சி பிளாக்கில் தெலுங்கு பேசும் அக்கா, “அது எலுமிச்சை சாதம்தானே, நாங்க வாரத்துக்கு மூணு நாள் பண்றோம்” என்றார். பலவிதக் கலந்த சாதம் என்ற பொருளில் கல்கி எழுதியிருக்கிறார். ஆனால் அந்தச் சொல் நம் எல்லைக்கு அந்தப் பக்கம் இன்றும் அடுப்பில் இருக்கிறது, இந்தப் பக்கம் புத்தகத்துக்குப் போய்விட்டது. அதே அக்கா இன்னொன்றும் கேட்டார். தெலுங்கில் ‘ஏரு’ என்றால் ஆறு. தமிழில் ஏரி எப்படிக் குளம் போல நிற்கிறது என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. நல்ல கேள்வி.

படகுகள் வருகின்றன. பனைமரக் கொடி. பழுவேட்டரையரின் பட்டங்களை அடுக்குகிறார்கள்: தனாதிகாரி, தான்ய பண்டார நாயகர், இறை விதிக்கும் தேவர். இந்த இடத்தில்தான் முதல் தடவை நான் குழம்பினேன். ‘இறை’ என்றால் கடவுள், கடவுளையே விதிக்கிறாரா என்று. இங்கே இறை என்றால் வரி. கோயில் நிலப் பத்திரங்களில் ‘இறையிலி’ என்று பார்த்திருப்பீர்கள், வரி இல்லாத நிலம். பண்டாரம் என்றால் களஞ்சியம், கருவூலம். ஆக, இந்த மனிதர் கஜானா, உணவுக் கிடங்கு, வரி மூன்றையும் ஒரே கையில் வைத்திருக்கிறார். எங்கள் வங்கியில் பெட்டகத்தின் இரண்டு சாவியை இரண்டு பேரிடம் கொடுப்பார்கள். இங்கே எல்லாச் சாவியும் ஒருவரிடம். இது புரிந்தால், அவர் படகைப் பார்த்ததும் ஜனங்கள் ஏன் ஒதுங்குகிறார்கள், ராஜ்யத்தில் ஏன் குழப்பம் வரப்போகிறது என்பதெல்லாம் தானாகவே விளங்கும். ஒரு வார்த்தை புரியாமல் போனதில் நான் ஒரு முழுக் கதாபாத்திரத்தை இழந்திருந்தேன்.

இரண்டாம் அத்தியாயத்தில் ஆழ்வார்க்கடியான் தடியோடு நின்று சிவனா விஷ்ணுவா என்று சண்டை போடுகிறான். இதைத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தள்ளாதீர்கள், சிரிப்பு இருக்கிறது. மூன்றாவதில் வரும் ‘விண்ணகரம்’ என்பது விஷ்ணு கோயில், விண்ணில் உள்ள நகரம் இல்லை. ஐந்தாவதில் குரவைக் கூத்தும் வேலனாட்டமும். குரவை, பெண்கள் கைகோத்து ஆடுவது. வேலனாட்டம் என்ன என்று திருத்தணிக்காரர்களுக்கு நான் விளக்கினால் சிரிப்பீர்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு சாமி வந்து ஆடுகிறவர்களை நாம் வருஷா வருஷம் சரவணப் பொய்கைக் கரையில் பார்க்கிறோம். கடம்பூர் மாளிகையில் தேவராளன் ஆடிக்கொண்டே குறி சொல்லும் இடத்தைப் படிக்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள். பயம் தானாக வரும்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஏ பிளாக் தம்பி ‘பள்ளிப்படை’ என்றால் ஸ்கூல் ஆர்மியா தாத்தா என்று கேட்டான். எல்லோரும் சிரித்தீர்கள். அவன் தப்பாகக் கேட்கவில்லை; தெரிந்த இரண்டு வார்த்தையைக் கூட்டிப் பார்த்திருக்கிறான். பள்ளிப்படை என்பது இறந்த அரசரை அடக்கம் செய்த இடத்தில் எழுப்பும் கோயில். கொஞ்சம் தள்ளி திருப்புறம்பயத்தில் ஒரு பள்ளிப்படை வருகிறது. அங்கே நடந்த பெரும் போரில் சோழர் பக்கம் நின்ற பல்லவ அரசன் அபராஜிதன். அவன் காலத்துக் கல்வெட்டு எங்கே இருக்கிறது தெரியுமா? நம் ஊரில், நந்தியாற்றங்கரை வீரட்டானேசுவரர் கோயிலில். பின்பக்கம் யானையின் முதுகு போல வளைந்த கோயில். மலைக்குப் போகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அங்கே திரும்புவதில்லை. நானே பணி ஓய்வுக்குப் பிறகுதான் உள்ளே போனேன்.

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இது தஞ்சாவூர்க்காரர்கள் கதை என்று நாம் ஒதுங்க வேண்டாம். வந்தியத்தேவன் வாணர் குலம். அவர்கள் ஆண்டது நம் பக்கத்துத் திருவல்லம் பகுதி. கிளம்பி வருவது காஞ்சியிலிருந்து. அவனும் நம்மைப் போலத் தொண்டை நாட்டுக்காரன், சோழ நாட்டுத் தண்ணீரைப் பார்த்து வாய் பிளக்கிறவன். அவனுக்கும் பாதி விஷயம் தெரியாது, கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறான். நமக்கும் அதே வேகம் போதும்.

அந்த ஏரியை வெட்டிய இளவரசர் இராஜாதித்தர் என்று முதல் அத்தியாயம் சொல்கிறது. அப்பா பராந்தகரின் பட்டப்பெயர் வீரநாராயணன், அதுவே ஏரியின் பெயர். இராஜாதித்தர் இராஷ்டிரகூடரோடு போர் செய்து யானை மேலேயே இறந்தார், 949-ல். இடம் தக்கோலம். அரக்கோணத்துக்குப் பக்கத்தில், நாம் வண்டியில் ஒரு மணி நேரத்தில் போய்விடும் தக்கோலம்தான். அவர் பெயர் நிற்கும் ஏரியிலிருந்து 2004 முதல் சென்னைக்குக் குழாயில் குடிநீர் போகிறது. நம் பிள்ளைகள் பலர் அங்கே குடியிருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். அதே காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் உடையார்குடிக் கோயிலில், ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்தைப் பறிமுதல் செய்த இராஜராஜன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கதை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே முடிவின் சாட்சியும் நிற்கிறது. முடிவைச் சொல்லிவிட்டேனோ? சினிமாவில் பார்த்துவிட்டீர்கள், பரவாயில்லை.

கடைசியாகச் சொந்த விஷயம் ஒன்று. எங்கள் அம்மா பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணி வைத்திருந்தார்; மணியம் வரைந்த படங்களோடு. தொடர் தொடங்கியபோது திருத்தணி சென்னை மாகாணத்துச் சித்தூர் ஜில்லா. 1953 அக்டோபரில் ஆந்திராவில் சேர்ந்தது. 1960-ல்தான் திரும்பி வந்தோம். “கதை முடியறதுக்குள்ள நாங்க வேற ஸ்டேட் ஆயிட்டோம்டா” என்று அம்மா சொல்வார். கடைசி வருஷங்களில் பார்வை மங்கிவிட்டது. படித்துக் காட்டச் சொன்னார். மூன்று அத்தியாயம் படித்தேன். நான் திக்கிய ஒவ்வொரு வார்த்தைக்கும் கட்டிலில் படுத்தபடியே பொருள் சொன்னார். கமுகு மட்டை அவர் சொன்னதுதான். பிறகு மார்ச் குளோசிங் முடியட்டும் அம்மா என்றேன். மார்ச் முடிந்தது, அப்புறம் வேறு வேலை வந்தது. அந்த ஆகஸ்டில் அம்மா போய்விட்டார். அடையாளத்துக்கு நான் வைத்த வங்கிச் செலான் மூன்றாம் அத்தியாய முடிவில் அப்படியே இருக்கிறது. இங்கே கொண்டுவந்திருக்கிறேன், பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். தாள் உதிர்கிறது, மெதுவாகத் திருப்பவும்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கீழே அழைத்து வாருங்கள். அகராதியில் இல்லாத பொருள் அவர்களிடம் இருக்கிறது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வராத பிள்ளைகள் கேட்டால் போதும், நாங்கள் படிக்கிறோம். அடுத்த சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, நான்காம் அத்தியாயம், கடம்பூர் மாளிகை. நாற்காலி போதவில்லை என்று போன வாரம் புகார் வந்தது. முடிந்தவர்கள் வீட்டிலிருந்து ஒன்று எடுத்து வரவும்.