கட்டுச்சோற்றோடு வரும் டிரைவர்



பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று ஊரில் சொல்வார்கள். மைக்ரோகெர்னல் இயங்குதளத்தில் வட்டு டிரைவரின் கதையும் அதுதான். டிரைவர் என்பது ஒரு கோப்பு. அந்தக் கோப்பு வட்டில் இருக்கிறது. வட்டைப் படிக்கத் தெரிந்ததோ அந்த டிரைவர் மட்டும்.

டிரைவரை இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டிவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. ஆம்ஸ்டர்டாமின் ஃப்ரையே பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டானன்பாம் குழுவினர் உருவாக்கி 2005இல் வெளிவந்த மினிக்ஸ் 3 இயங்குதளம் அப்படிச் செய்ய மறுத்தது. அதன் கெர்னல் சில ஆயிரம் வரிகள்தான். டிரைவர்கள் வெளியே, சாதாரண நிரல்களைப் போல ஓடுகின்றன. ஒன்று விழுந்தால் மற்றவை விழுவதில்லை.

முடிச்சை அவிழ்ப்பது, கணினி தொடங்கும்போது கெர்னலை நினைவகத்தில் ஏற்றும் பூட் லோடர். பழைய பிசியில் அது, தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் பயாஸ் நிரலின் துணையோடு வட்டைப் படிக்கும். கெர்னல் செயலியைத் தன் முறைக்கு மாற்றிவிட்டால் அந்த வழி அடைபட்டுப்போகும். அதற்கு முன்பே, கெர்னலோடு சேர்த்து ஒரு சிறு ராம் வட்டையும் நினைவகத்தில் ஏற்றிவிடுகிறார்கள். டிரைவர் அதிலிருந்து கிளம்புகிறது. பிறகே உண்மையான வட்டு கைக்கு வருகிறது. குனு ஹர்ட் என்ற இன்னொரு மைக்ரோகெர்னல் இயங்குதளத்தில், நெட்பிஎஸ்டி இயங்குதளத்தின் டிரைவர்களைக் கடன் வாங்கிய ரம்ப்டிஸ்க் என்ற வட்டு டிரைவரையும் இப்படியே கிரப் என்ற பூட் லோடர் முன்கூட்டி ஏற்றிவைக்கிறது. கெர்னலுக்கு டிரைவர் வேண்டாம் என்று பெருமைப்படுகிறோம். பயாஸுக்குள் ஒரு டிரைவர் ஒளிந்திருந்ததை யாரும் பேசுவதில்லை.

இப்படி வரும் டிரைவர் கட்டுச்சோறு கட்டிக்கொண்டுதான் வரவேண்டும். வழியில் சத்திரம் கிடையாது. பொது நூலகக் கோப்புகள் இன்னும் எட்டாத வட்டில் கிடக்கின்றன. ஆகவே தேவையான எல்லாவற்றையும் தனக்குள் இணைத்துக்கொள்ள வேண்டும். ஹர்டின் கோப்பு முறைமை நிரலுக்குப் பெயரிலேயே 'ஸ்டாட்டிக்' என்று ஒட்டியிருப்பது அதனால்தான். மாணவப் பருவத்தில் இதை மறந்து நான் கட்டிய டிரைவர் ஒன்று எந்தப் பிழைச் செய்தியும் தராமல் நின்றது. இரண்டு மாலைப் பொழுதுகள் வன்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பத்தியமும் உண்டு. டிரைவரின் நினைவகப் பக்கம் எதுவும் வட்டுக்கு வெளியேறக் கூடாது. வெளியேறினால் அதைத் திரும்பக் கொண்டுவர அதே டிரைவர்தான் வேண்டும்.

பிறப்பைவிடச் சாவு கடினம் என்பது என் கணிப்பு. ஓடிக்கொண்டிருக்கும்போதே வட்டு டிரைவர் செத்துவிட்டால் புதிய பிரதியை எங்கிருந்து எடுப்பது? வட்டு இருக்கிறது, திறக்க ஆளில்லை. மினிக்ஸில் இதற்கென்றே 'மறுபிறவிச் சேவையகம்' இருக்கிறது. நம்மவர் வைத்தது போன்ற பெயர்! அது வட்டு டிரைவரின் ஒரு பிரதியை நினைவகத்திலேயே வைத்திருக்கும். டிரைவர் விழுந்தால் அதிலிருந்து புதியதை எழுப்பும். கோப்புச் சேவையகம் விடுபட்ட கோரிக்கைகளை மறுபடி அனுப்பும். ஒரே பகுதியை இரண்டு முறை படித்தாலும் விடை ஒன்றுதான் என்பதால் வட்டில் இது செல்லும். அச்சுப்பொறியில் செல்லாது, பாதித் தாள் ஏற்கெனவே வெளியே வந்திருக்கும்.

டானன்பாம் குழுவினர் இதைச் சோதித்து 2007இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். 1 ஜிபி கோப்பு ஒன்றைப் படிக்கவிட்டு, நடுவில் 1 முதல் 15 விநாடி இடைவெளிகளில் டிரைவரை மீண்டும் மீண்டும் கொன்றார்கள். வேகம் குறைந்தது. கோப்பில் ஒரு பைட்டும் பிசகவில்லை.