தலைக்குத்தான் கருவி

மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் (இஇஜி) தலையணிகள் குறித்த இக்கருத்தரங்குக்குத் தலைமையேற்க அழைத்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி. பொறியாளர்களும் நரம்பியல் மருத்துவர்களும் இஇஜி டெக்னீசியன்களும் ஒரே கூடத்தில் கூடியிருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி.

ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். அதன் பிறகு பெருக்கிகளும் கணினிகளும் எவ்வளவோ வளர்ந்துவிட்டன. மின்முனை தோலைத் தொடும் இடம் மட்டும் இன்னும் நமக்குப் பிடிபடவில்லை. தலையில் கிடைக்கும் மின்னழுத்தம் பெரும்பாலும் பத்து முதல் நூறு மைக்ரோவோல்ட்தான். தொடுகை சற்றுத் தளர்ந்தாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் அதை விழுங்கிவிடும்.

தலையணியை அளவுக்கேற்ப மாற்றும் வசதியை நம்மில் பலர் அணிபவரின் சௌகரியமாக மட்டுமே பார்க்கிறோம். பதிவு சரியா தவறா என்பதே அதைப் பொறுத்தது என்பது என் உறுதியான கருத்து.

ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958-இல் வெளியிட்ட 10-20 முறை, மின்முனைகளின் இடைவெளியைச் சென்டிமீட்டரில் சொல்லாமல் விகிதத்தில் சொன்னது. மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்திலிருந்து பிடரி மேடு வரை உச்சி வழியாக அளக்க வேண்டும். முதல் புள்ளி பத்து சதவீதத்தில். அடுத்தவை இருபது சதவீத இடைவெளியில். அளவு 36 செ.மீ. என்றால் இடைவெளி 7.2, 30 செ.மீ. என்றால் 6. டேப்பும் மார்க்கர் பென்சிலுமாக இதைத் தினமும் செய்யும் டெக்னீசியன்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தலையணி செய்யும்போது இதைத்தான் மறந்துவிடுகிறோம். பின்பக்கம் ஒரு திருகு வைத்து, பட்டையை இறுக்கினால் போதும் என்று விட்டுவிடுகிறோம். பட்டை இறுகும், உச்சி முனை இருந்த இடத்திலேயே இருக்கும். எலாஸ்டிக் தொப்பியோ, இளகிய இடத்தில் அதிகமாகவும் தைத்த இடத்தில் குறைவாகவும் நீளும். இதற்குக் கத்தரி இணைப்பு நல்ல வழி என்று நினைக்கிறேன். கொலாப்சிபிள் கேட்டை இழுத்தால் சட்டங்கள் எல்லாம் ஒரே சீராக விலகுகின்றன அல்லவா, அப்படி நீளம் மாறினாலும் விகிதம் குலையாது. மூட்டுகள் கூடுவதால் எடையும் ஆட்டமும் கூடும் என்பது உண்மைதான். முன்பின்னாக ஓர் இணைப்பு, காதுக்குக் காது வேறோர் இணைப்பு என்று பிரித்தும் ஆக வேண்டும்; நீளத் தலையும் அகலத் தலையும் ஒரே கணக்கில் அடங்கா.

அடுத்தது முடி. "தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் வாருங்கள்" என்பது நம் ஊர் இஇஜி அறைகளில் வழக்கமான பேச்சு. வீட்டில் அன்றாடம் அணியும் கருவிக்கு அந்த நிபந்தனை செல்லாது. கொண்டை போட்ட அம்மாவுக்குப் பிடரி முனை எங்கே உட்காரும்? அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவி ஒருவர், சுருள்முடியை வரிசை வரிசையாகப் பின்னி, பின்னலுக்கடியில் செருகும் மின்முனைக் கிளிப்பை வடிவமைத்தார். முடியைக் கருவிக்கு வளைக்காமல், கருவியை முடிக்கு வளைத்தார். ஸ்பிரிங் வைத்த உலர் முனைகள் முடிக்குள் புகும். ஆனால் நேரம் ஆக ஆகத் தோலைக் குத்தி வலிக்கும். அழுத்தத்தை எங்கே நிறுத்துவது என்பது இன்னும் நம் முன் உள்ள கேள்வி.

எந்தத் தலையில் கருவி உட்காரவில்லையோ, அந்தத் தலையின் பதிவு "தரமற்றது" என்று ஆய்விலிருந்து நீக்கப்படுகிறது. நீக்கப்பட்டவர் இல்லாத தரவைக் கொண்டு வலிப்பைக் கண்டறியக் கணினியைப் பழக்கினால், நாளை அவருக்கே வலிப்பு வரும்போது அது தவறவிடக்கூடும். இது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கருவியைச் சோதித்த தலைகளின் சுற்றளவு என்ன, முடி எப்படிப்பட்டது, எத்தனை பேருக்குப் பொருந்தாமல் போயிற்று என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகு முடிவுகளுக்கு வாருங்கள். முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.