லேஞ்சியும் திருமணமும்

ஈழத்துத் தமிழர் கைக்குட்டையை 'லேஞ்சி' என்று வழங்குவது நேயர்கள் அறிந்ததே. அச்சொல் தமிழன்று, 1505 ஆம் ஆண்டில் இலங்கைக் கரையில் வந்திறங்கிய போர்த்துக்கேயரின் 'லென்சு' என்னும் சொல்லின் திரிபு. சிங்களத்தில் அதுவே 'லேன்சுவ' ஆயிற்று. தோளில் துண்டு கிடந்த நாட்டிற்கு இச்சிறு சதுரத் துணி பெயரோடு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

பண்டை உரோமர் இத்தகைய துணியைச் 'சுடாரியம்', அதாவது வியர்வைத் துணி, என்றனர். இங்கிலாந்தை 1377 முதல் 1399 வரை ஆண்ட இரண்டாம் ரிச்சர்ட் மன்னனுக்கு மூக்குத் துடைப்பதற்கென்றே சிறு துணிகள் செய்யப்பட்டமையை அரண்மனைக் கணக்கேடு காட்டுகின்றது. அதற்குமுன் சட்டைக்கையே அத்தொண்டினைப் புரிந்தது போலும்!

துடைக்கும் துணி மணவினைக்குத் தூது சென்ற கதையே சுவையானது. போர்த்துக்கல்லின் வடபால் மின்யோ என்றொரு பகுதி உண்டு. அங்கே மணப்பருவம் எய்திய குடியானவப் பெண் வெள்ளைத் துணியில் ஒரு சதுரம் எடுத்து, வேலை ஒழிந்த வேளையெல்லாம் ஊசியும் நூலுமாய் அமர்வாள். இதயம், புறா, மலர், திறவுகோல் ஆகியவற்றை நூலிழையை எண்ணி எண்ணிக் குறுக்குத் தையலால் அமைப்பாள். இடையிடையே அன்பு மொழிகளும் வரும். அப்பெண்களிற் பலர் பள்ளி வாசலை மிதியாதவர். காதில் விழுந்தவாறே எழுத்தைத் தைத்தனர். பிழைகள் மலிந்தன. இன்று அவ்வேலைப்பாட்டைப் பேணிவரும் கைவினைஞர் அப்பிழைகளையும் திருத்தாது தைக்கின்றனர் என்பது பாராட்டத்தக்கது.

தைத்து முடிந்த லேஞ்சி, அவள் உள்ளங் கவர்ந்த இளைஞனைச் சென்றடையும். அதன்பின் அவள் செய்யக்கூடியது காத்திருத்தல் ஒன்றே. அவன் அதனைக் கழுத்திலோ, தொப்பியிலோ, சட்டைப்பையிலோ ஊரறிய அணிந்து வந்தானாயின் உறவு உறுதியாயிற்று. அணியாவிடின்? பல மாத உழைப்பும் பெண்ணின் மனமும் ஒருங்கே திரும்பி வரும். வாய் திறந்து கேட்கும் வழக்கமில்லாத பெண், ஊர் முன்னிலையில் ஆடவனை விடை சொல்ல வைத்தாள். ஆயினும் இழப்பு நேரின் அது அவளுடையதே. பிரேசிலுக்குக் கப்பலேறியவர்களை நினைந்து தைத்த லேஞ்சிகளும் உள. அவற்றில் கப்பலின் உருவமும் பிரிவுத் துயரும் காணப்படும்.

யூதர் திருமணத்திலோ, கைக்குட்டை காதலை அன்று, கடமையையே தாங்கி நிற்கின்றது. மனைவிக்கு உணவும் உடையும் அளித்தல், மணமுறிவோ மரணமோ நேரின் அவளுக்குச் சேரவேண்டிய தொகை முதலியன 'கெத்துபா' என்னும் மணப்பத்திரத்தில் எழுதப்படும். சமயகுரு மணமகனிடம் ஒரு கைக்குட்டையை நீட்டுவார். சாட்சிகள் இருவர் காண அவன் அதனைப் பற்றி உயர்த்தித் திருப்பிக் கொடுப்பான். அந்த ஒரு கணத்தில் அவன் கடமைப்பட்டவனாகின்றான். சாட்சிகள் பின்னர்க் கையொப்பமிடுவர். நாணயத்தைப் பற்றினால் இவ்வொப்பந்தம் செல்லாது; துணி போன்றதொரு பொருளே வேண்டும். அத்துணிக்கு அவர்கள் நூல்களில் வழங்கும் 'சுடார்' என்னும் பெயர் உரோமரின் சுடாரியத்தோடு உறவுடையது. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தையில் தரகர் துண்டினுள் விரல் பிடித்து விலை முடிப்பதை இது நினைவூட்டலாம். ஆனால் அங்கே துணி மறைக்கின்றது, இங்கே யாவரும் காண உயர்கின்றது.

யூதருள் ஹசீதியர் என்னும் பிரிவினரின் மணவிருந்து முடிவில் ஒரு நடனம் நிகழும். பெரியோர் ஒவ்வொருவராக மணமகளின் முன் ஆடுவர். அயலாடவர் அவள் கையைத் தீண்டலாகாது. ஆதலால் கைக்குட்டையின் அல்லது நீண்ட கச்சையின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அவரும் பிடித்துக்கொள்வர். இறுதியில் மணமகன் எழுந்து வருவான். அவன் ஆடும்போது இடையில் துணி இல்லை; அவள் கையையே பற்றிக்கொள்கின்றான்.