தாராளமா, உரிமையா? – 'லிபரல்' என்னும் சொல்லின் பொருள்நிலைகள்



மாணவர்கள் தங்கள் பயிற்சிப் புத்தகத்தின் பின்னட்டையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அங்கே ருக்குன் நெகாரா அச்சிடப்பட்டிருக்கும். அதன் ஐந்து கோட்பாடுகளையும் சபைகூடலில் உரக்கச் சொல்லுகிறோம். அவற்றுக்கு முன் நிற்கும் ஐந்து குறிக்கோள்களை ஊன்றிப் படிப்பவர் குறைவு. 1969 மே மாதக் கலவரத்தின் பின், 1970 ஆகஸ்ட் 31இல் அறிவிக்கப்பட்ட அவ்வாவணத்தின் நான்காம் குறிக்கோள், நாட்டின் வளமான, பல்வகைப்பட்ட பண்பாட்டு மரபுகளின்பால் 'லிபரல்' வழியை உறுதிசெய்வதாகும். மலாய் மூலத்திலும் 'சாரா லிபரல்' என்றே உள்ளது. அந்தச் சொல்லைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்பதே இன்றைய உரையின் பொருள். இது வெறும் அகராதிச் சிக்கல் அன்று. நம் பள்ளிகள் இந்நாட்டில் எந்த அடிப்படையில் நிற்கின்றன என்னும் வினாவும் இதனுள் அடங்கியுள்ளது.

முதலில் கல்வித்துறையை நோக்குவோம். இலத்தீன் மொழியில் 'லீபர்' என்றால் அடிமையல்லாதவன் என்று பொருள். அத்தகையவன் கற்றற்குரிய கலைகளே 'லிபரல்' கலைகள். இடைக்கால ஐரோப்பாவில் இவை இலக்கணம், தருக்கம், சொல்வன்மை, எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானியல் என ஏழாக வகுக்கப்பட்டன. பிழைப்புக்கான கைத்தொழில்கள் இவற்றுள் அடங்கா. ஆகவே, இச்சொல் பிறந்தபோதே ஒரு வேலியும் உடன் பிறந்தது. யாருக்கு எந்தக் கல்வி என்பதை அவ்வேலி வகுத்தது.

அந்த வேலியைக் காண நாம் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. இதே பேராக் மாநிலத்தில், கோலகங்சாரில், 1905இல் அரச குடும்பத்தாரும் உயர்குடியினரும் கற்பதற்கென மலாய்க் கல்லூரி தொடங்கப்பட்டது. பேராக் உள்ளிட்ட கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1920ஆம் ஆண்டறிக்கையோ, எளிய மலாய் மக்களின் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது, மீனவர் மகனைத் தந்தையைவிட அறிவுள்ள மீனவனாகவும் உழவர் மகனை அறிவுள்ள உழவனாகவும் ஆக்குவதே கல்வியின் நோக்கம் என்றது. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் நிலை இன்னும் கீழே இருந்தது. 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ ஆசிரியராக நின்றார். எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றோடு படிப்பு முடிந்தது. அதன்பின் பிள்ளையின் கையில் பால்மரம் சீவும் கத்தி ஏறியது. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கைதான் தமிழ்ப் பள்ளிகளைப் பொதுப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவர வழி வகுத்தது. தோட்டப் பிள்ளைக்கு மறுக்கப்பட்ட கல்வி எதுவோ, அதுவே 'லிபரல்' கல்வி. இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் அறியேன்.

அடுத்து அரசியல். இத்துறையில் இச்சொல் நாட்டுக்கு நாடு நிறம் மாறுகிறது. அமெரிக்காவில் 'லிபரல்' என்றால் இடதுசாரிச் சார்புடையவர். ஆஸ்திரேலியாவில் 1944இல் மென்சீஸ் உருவாக்கிய லிபரல் கட்சியோ வலதுசாரிக் கட்சி. தமிழுலகிலும் ஒரே காலத்தில் இச்சொல்லுக்கு இருவேறு பொருள்கள் வழங்கின.

1916இல் சென்னையில் டி. எம். நாயர், பிட்டி தியாகராயர், சி. நடேச முதலியார் ஆகியோர் தொடங்கிய அமைப்பின் ஆங்கிலப் பெயரில் 'லிபரல்' என்னும் சொல் உண்டு. நீதிக்கட்சி என மக்கள் அழைத்த அவ்வமைப்பின் தமிழ்ப் பெயர், தென்னிந்திய நல உரிமைச் சங்கம். 'லிபரல்' என்பதற்கு நிகராக அவர்கள் வைத்த சொற்கள் 'நல உரிமை'. அகராதியில் இப்பொருளைத் தேடினால் கிடைக்காது. ஆயினும், கல்வியிலும் அரசுப் பணியிலும் தமக்குரிய இடத்தைக் கேட்டவர்கள், தங்கள் தேவையிலிருந்தே அச்சொல்லுக்குப் பொருள் கண்டார்கள்.

அதே காலத்தில் காங்கிரசிலிருந்து விலகிய மிதவாதிகளும் தம்மை 'லிபரல்' என்றே அழைத்துக்கொண்டனர். அவர்களுள் முதன்மையான வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1936 இறுதியில் மலாயாவுக்கு வந்து, தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து, 1937இல் அறிக்கை அளித்தார். இந்தியத் தொழிலாளர் இங்கு வருவதைத் தடுக்கக் காரணமில்லை என்பது அவர் முடிவு. இங்கிருந்த இந்தியத் தலைவர்கள் பலருக்கு அது ஏமாற்றம் அளித்தது. 1938இல் இந்திய அரசு தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. மிதமாகப் பேசுவது ஒரு 'லிபரல்', உரிமை கேட்பது மற்றொரு 'லிபரல்'. அவ்விரண்டும் ஒன்றல்ல என்பதற்கு நம் தோட்டங்களே சான்று.

இவ்விரு பொருள்களும் இன்று பின்தள்ளப்பட்டு, 'தாராளம்' என்னும் சொல் முன்னிற்கிறது. 1991இல் இந்தியப் பொருளியலில் நிகழ்ந்த மாற்றத்துக்குப் பின் 'தாராளமயமாக்கல்' என்பது செய்தித்தாள் சொல்லாயிற்று. கட்டுப்பாடுகளைத் தளர்த்துதல் என்னும் பொருளில் அதில் குறையில்லை. ஆனால் அதே 'தாராளம்' அரசியலுக்கும் பண்பாட்டுக்கும் பரவும்போது கவனம் தேவை. 'தாராளமாக வரலாம்' என்று யார் சொல்வார்? வீட்டுக்கு உடையவர் சொல்வார், வருகின்ற விருந்தினர் கேட்பார். தாராளம் கொடுப்பவரின் பண்பு. உரிமையோ உடையவரின் நிலை. 'உரி' என்னும் அடியிலிருந்தே உரியது, உரியவர், உரிமை என்பன கிளைத்தன. கொடுத்தவர் மனம் மாறினால் தாராளம் சுருங்கிவிடும். உரிமை அவ்வாறு சுருங்காது.

இனிச் சமுதாய விவாதங்கள். இங்கே நாம் காண்பது ஓர் இலக்கண மாற்றம். 1970ஆம் ஆண்டு ஆவணத்தில் 'லிபரல்' ஒரு பெயரடை. வழியைச் சிறப்பித்து நிற்கும் நற்சொல் அது. 2005இல் இந்தோனேசிய உலமா மன்றம் வெளியிட்ட பத்வாவிலும், 2014இல் சிலாங்கூரில் வெளியான பத்வாவிலும் அது 'லிபரலிஸ்மே' என்னும் பெயர்ச்சொல்லாகி, சமய நெறிப் பிறழ்வைக் குறிக்கிறது. அவற்றின் சமயக் கருத்தை ஆராய்வது என் பணியன்று. ஆனால், ஒரு விகுதி சேர்ந்ததும் நடந்துகொள்ளும் முறை ஒரு கொள்கையின் பெயராகவும், பின் ஒரு குற்றச்சாட்டாகவும் மாறியதை மொழியியல் மாணவர் கவனிக்க வேண்டும்.

நாமும் இதற்கு விலக்கல்லர். 'அந்தக் குடும்பம் கொஞ்சம் லிபரல்' என்று நம்மவர் சொல்லும்போது அது பாராட்டாக இருப்பதில்லை. மகள் தன் துணையைத் தானே தேர்ந்ததையோ, மகன் பெற்றோர் விரும்பாத படிப்பை மேற்கொண்டதையோ அது குறிக்கும். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் சுதந்திரத்தைப் பற்றி எழுதிய நூலில், அரசின் அடக்குமுறையை மட்டும் அன்றி, சமூகத்தின் அடக்குமுறையையும் எச்சரித்தார். 'நல உரிமை' என்னும் சொல்லின் போதாமை இங்குதான் வெளிப்படுகிறது. அது ஒரு கூட்டத்தின் உரிமையைச் சொல்கிறது. அக்கூட்டத்துக்குள் தனித்து நிற்கும் ஒருவரின் உரிமையை அது சொல்லவில்லை. பிறரிடம் நம் மரபுக்கு இடம் கேட்கும் நாம், நம் பிள்ளைகளின் தெரிவுகளுக்கு வீட்டில் எவ்வளவு இடம் தருகிறோம்?

ஆசிரியர்களுக்கு என் பரிந்துரை இது. மூன்று துறைகளுக்கும் ஒரே சொல்லைத் திணிக்க வேண்டா. பொருளியலில் தாராளமயம் இருக்கட்டும். கல்வியில் பரந்த கல்வி என்போம். அரசியலில் தன்னுரிமைக் கொள்கை என்போம். ருக்குன் நெகாராவின் நான்காம் குறிக்கோளை, மரபுகளின் உரிமையை ஏற்கும் பரந்த நோக்கு என்று விளக்குவோம். மாணவர்கள் இச்சொல்லை எங்குக் கண்டாலும் மூன்று வினாக்களை எழுப்புங்கள்: இது எதற்கு அடையாக நிற்கிறது? யார் யாருக்குச் சொல்கிறார்? சொன்னவர் அதைத் திரும்பப் பெற முடியுமா?

மூன்றாம் வினாவே தலையாயது. தமிழ், சீனப் பள்ளிகள் அரசமைப்புக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கை 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அம்முடிவை உறுதிசெய்தது. மலாய் தேசிய மொழி என்று வகுக்கும் அரசமைப்பின் 152ஆம் விதியே, பிற மொழிகளைக் கற்பதையும் கற்பிப்பதையும் தடுக்கலாகாது என்றும் கூறுகிறது. நீதிமன்றங்களில் எழுந்த வினா ஒருவரின் பெருந்தன்மையைப் பற்றியதன்று. சட்டம் என்ன சொல்கிறது என்பதே அங்கு வினா.

ஆகவே, நம் பள்ளி யாரோ ஒருவரின் தாராளத்தால் நிற்பதாக நம் மாணவர்க்குக் கற்பிக்க வேண்டா. அது உரிமையால் நிற்கிறது. உரிமை உடையவர்க்கு அதைப் பேணும் கடமையும் உண்டு. அதை நாளைய வகுப்பிலேயே தொடங்குவோம்.