மின்சாரக் குளத்தின் கசிவு

(கங்கைகொண்டானில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



மின்சார விஷயமாக ஏதாவது பேசவேண்டுமென்று இவ்வூர் வாலிபர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் விஞ்ஞான பண்டிதனல்ல. ஆனாலும் எனக்கு நேர்ந்த ஒரு நஷ்டத்திலிருந்து கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

இரண்டு பேஸ் மின்சாரத்தில் மோட்டார் ஓட்டுவதற்காக நாம் கண்டன்சர் வைக்கிறோமல்லவா? எங்கள் கிணற்றுக் கொட்டகையிலிருந்த கண்டன்சர் ஒரு சித்திரை மாதத்தில் உப்பி வெடித்துவிட்டது. “கண்ணேறு” என்றார் ஒருவர்; “தலைவிதி” என்றார் மற்றொருவர். வீட்டார் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டினார்கள். அடுத்த சித்திரையில் புதுக் கண்டன்சரும் வெடித்தது. பூசணிக்காய் மாத்திரம் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது! அதன் பிறகுதான் காரணம் என்னவென்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

கண்டன்சர் என்பது பிரமாதமான ரகசியமல்ல. இரண்டு உலோகத் தகடுகள். நடுவில் மின்சாரத்தைக் கடத்தாத ஒரு வஸ்து. அவ்வளவுதான். 1745-46-ல் ஐரோப்பாவில் கண்ணாடி ஜாடியைக் கொண்டு இதை முதலில் செய்தார்கள். பிறகு காகிதமும் எண்ணெயும் வந்தன. முன்பு சென்னை ராஜதானியில் சேர்ந்திருந்த நெல்லூரில் வெட்டியெடுத்த அப்பிரகம், அதாவது நமது காக்காப்பொன், இக்காரியத்துக்கு வெகுவாக உபயோகப்பட்டது. இன்று பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் ஏடுதான். 5 மைக்ரான் கனமுள்ள ஏட்டின் மேல் 440 வோல்ட் வைத்தால், மைக்ரானுக்கு 88 வோல்ட்; மீட்டருக்குக் கணக்கிட்டால் 8 கோடியே 80 லட்சம் வோல்ட்! தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஏடு இவ்வளவு நெருக்கடியைத் தாங்குகிறது.

குளத்தில் நீரைத் தேக்குவதுபோல் இதில் சக்தியைத் தேக்குகிறோம். ஆனால் தேக்கியதெல்லாம் திரும்பி வருகிறதா? வருவதில்லை. அதற்கு இரண்டு காரணங்கள் முக்கியமானவை. ஒன்று, சில வஸ்துக்களின் அணுத்திரள்கள் ஒருபுறம் நேர்மின்னும் மறுபுறம் எதிர்மின்னும் உள்ளவை. மின்சாரம் திசை மாறும்போதெல்லாம் அவையும் திரும்பவேண்டும். திரும்பச் சுணங்கினால் அந்தச் சக்தி உஷ்ணமாகப் போய்விடும். நமது மின்சாரம் ஒரு விநாடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. ஆகவே சிறு நஷ்டமும் சேர்ந்து பெரிதாகிறது. மற்றொன்று, நெருக்கடி மிகுந்தால் தகட்டிலிருந்து எலெக்ட்ரான்கள் ஏட்டுக்குள் புகுந்து, பள்ளத்துக்குப் பள்ளம் தாவி, மறுகரைக்குப் போய்விடுகின்றன. இதுதான் கசிவு.

இங்கேதான் கவனிக்கவேண்டிய சங்கதி இருக்கிறது. வோல்ட்டை இரட்டித்தால் தேங்கும் சக்தி 4 மடங்காகும். ஆனால் உயர்ந்த நெருக்கடியில் கசிவு 4 மடங்கோடு நிற்பதில்லை. பல மடங்காகப் பாய்கிறது. கசிவினால் சூடு, சூட்டினால் மேலும் கசிவு. கரையில் விழுந்த நண்டு வளை உடைப்பாகிறதல்லவா? அதே கதைதான். என் கண்டன்சரில் 400 வோல்ட் என்று எழுதியிருந்தது. லயனில் வந்ததோ அதற்கு மேல். கொட்டகையோ தகரம், மாதமோ சித்திரை. இதில் கண்ணேறுக்கு இடம் எங்கே?

பாலிபுரொப்பிலீனில் நஷ்டம் வெகு சொற்பம். ஆனால் அது தேக்கும் அளவும் குறைவு. 85 டிகிரிக்கு மேல் போனால் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கவேண்டும். அதன் தேக்கும் குணம் 2.2 என்றால், பி.வி.டி.எஃப். என்னும் வஸ்துவுக்கு 10-க்கு மேல். 2006-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாண சர்வகலாசாலையார் அவ்வினத்தைச் சேர்ந்த ஒரு ஏட்டிலிருந்து கன சென்டிமீட்டருக்கு 17 ஜூல் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அவ்வினத்தில் நஷ்டமும் அதிகம். நிறையத் தேக்கி, சூட்டையும் தாங்கி, கசியாமலும் இருக்கும் வஸ்துவைத்தான் உலகம் இன்று தேடுகிறது.

இது நமக்கு வெகு தூரத்து விஷயமல்ல. இவ்வூர் சிப்காட்டில் டாட்டா பவர் தொழிற்சாலை சூரிய செல்கள் செய்கிறது. அந்த மின்சாரம் வீட்டுக்கு வருவதற்கு இன்வெர்ட்டர் வேண்டும். இன்வெர்ட்டருக்குள் கண்டன்சர் வேண்டும். சூரிய ஏட்டைச் செய்யும் ஊரில் பிறந்த பிள்ளைகள், கசியாத ஏட்டைக் கண்டுபிடிக்கக் கூடாதென்று யார் சொன்னது? பெண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.

கடைசியாக, கண்டன்சர் வாங்கும்போது லயனில் வரக்கூடிய வோல்ட்டுக்கு மேற்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வையுங்கள். உப்பினதை அப்போதே மாற்றுங்கள். சுவிட்சை நிறுத்திவிட்டோமென்று உடனே தொடாதீர்கள். அதில் தேங்கிய மின்சாரம் ஆளைக் கொல்லக்கூடும். தொழில் தெரிந்தவரைக் கொண்டே மாற்றுங்கள்.

நான் சொல்வதால் இதை நம்பவேண்டாம். இவ்வருஷம் என் கொட்டகைக்கு வந்து பாருங்கள். பூசணிக்காய் இல்லை, கண்டன்சர் இருக்கிறது.