நின்றுபோன வண்டியை எழுப்பும் முன்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்முடைய பார்க்கிங்கில் உறை போட்டு மூடிய வண்டிகள் மூன்று நிற்கின்றன. ஒரு அம்பாசிடர், ஒரு பத்மினி, ஒரு மாருதி 800. ஜூன் மாதத்துக்குள் நகராவிட்டால் சங்கமே அப்புறப்படுத்தும் என்று போன கூட்டத்தில் முடிவானது உங்களுக்கு நினைவிருக்கும். இடம் போதவில்லை, எலி அடைகிறது, மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு சேர்கிறது என்ற புகார்களில் எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த மூன்று வீட்டுக்காரர்களும் தனித்தனியாக என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “சார், இது மறுபடி ஓடுமா?” எங்கள் அப்பாவின் 1972 அம்பாசிடர் மார்க் 2, இலஞ்சி வீட்டுக் கொட்டகையில் பதினோரு வருடம் நின்றுவிட்டு இப்போது ஓடுகிறது. அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள். செயலாளர் அண்ணாச்சியும் அதையே பத்து நிமிடம் பேசுங்கள் என்றார்.

ஓடுமா என்றால், பெரும்பாலும் ஓடும். அந்தக் காலத்து எஞ்சின் அவ்வளவு எளிதில் சாகாது. ஆனால் உங்கள் கவலை எஞ்சினைப் பற்றி இருக்க வேண்டியதில்லை. ஓட ஆரம்பித்த வண்டி நிற்குமா, ஓட்ட உங்களுக்கு உரிமை இருக்கிறதா, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். நம் ஆட்கள் செய்வது தலைகீழ். புது பேட்டரி வாங்கி, சாவியைத் திருகி, உறுமல் கேட்டதும் வீடியோ எடுத்து அனுப்புவார்கள். பிரேக்கும் காகிதமும் பிறகு என்று விடுவார்கள். அந்தப் பிறகு வராது. ஆறு மாதத்தில் வண்டி மறுபடி உறைக்குள் போய்விடும்.

காகிதத்தில் ஆரம்பிக்கிறேன். பதினைந்து வருடம் ஆனால் கார் ஓட்டக் கூடாது என்று இங்கே பலர் நம்புகிறீர்கள். அது டெல்லியையும் அதைச் சுற்றிய பகுதியையும் பற்றிய செய்தி. நமக்கு விதி வேறு. சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருடம் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டித் தகுதி பார்த்து, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். அதற்குப் படிவம் 25. 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாயாக இருந்தது, 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. பசுமை வரி, தாமதக் கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி. வண்டி இன்னும் தாத்தா பெயரிலோ அப்பா பெயரிலோ இருந்து, அவர் காலமாகிவிட்டார் என்றால் முதலில் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். வாரிசுகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அண்ணன் தம்பி பேச்சு வார்த்தையில் இல்லாத வீடுகளில் வண்டி இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. மெக்கானிக்கைத் தேடும் முன் அண்ணனுக்கு ஒரு போன் போடுங்கள்.

பழைய வண்டியின் விவரம் கம்ப்யூட்டரில் ஏறாமலே இருக்கலாம். கையால் எழுதிய ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று துரு சுரண்டிப் பாருங்கள். இதற்குச் செலவு இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எண் ஒத்துப்போகாத வண்டிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள், முதலில் அதைச் சரிசெய்ய வழி உண்டா என்று தென்காசி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள்.

50 வருடம் தாண்டிய வண்டிக்கு இன்னொரு வழி உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு ‘விண்டேஜ்’ வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே நம்பர் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? இரண்டு முடிச்சு இருக்கிறது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றிய அம்பாசிடர்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அவை இந்தக் கணக்கில் வராது. இன்னொன்று, இப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது என்று சில காரியங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். வெள்ளிக்கிழமை காசி விசுவநாதர் கோயிலுக்கு அம்மாவை அழைத்துப் போக வண்டி வேண்டும் என்றால் சாதாரணப் புதுப்பித்தலே நல்லது. நான் அதைத்தான் செய்தேன்.

இனி வண்டிக்கு வருவோம். பானெட்டைத் திறக்கும் முன் கையால் நாலு தட்டுத் தட்டுங்கள். சிரிக்காதீர்கள், நம் ஊர்த் தோப்புக் கொட்டகையில் நின்ற வண்டிக்குள் எலி இருக்கும், எலி இருந்தால் அதைத் தேடி வருவதும் இருக்கும்.

சாவியைத் தொட வேண்டாம். வருடக்கணக்கில் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே எண்ணெய்ப் பசையே இருக்காது. லேசான துருவும் இருக்கலாம். அந்த நிலையில் ஸ்டார்ட்டர் போட்டுச் சுற்றினால் கீறல் விழும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு கையால் சுற்றுங்கள். பழைய அம்பாசிடரில் முன்பக்கம் ஹேண்டில் போட இடம் இருக்கும், அதற்கென்றே கடவுள் கொடுத்தது. ஹேண்டில் இல்லாத வண்டியில் டாப் கியர் போட்டுப் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றலாம். மாருதி 800 போன்ற வண்டியில் முன்சக்கரம். சுற்றியது என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பழைய ஆயிலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் வடித்து, புதியது ஊற்றி, பிளக் இல்லாமலே கொஞ்ச நேரம் சுற்றி, ஆயில் மேலே ஏறியதை உறுதிசெய்த பிறகுதான் மற்றது. பேட்டரியை மாட்டும்போது ஒரு கவனம்: பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். பழைய வயர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து மாட்டுங்கள். எலி கடித்த வயரை டேப் ஒட்டி ஒப்பேற்றாதீர்கள். கையில் ஒரு தீயணைப்பான் இல்லாமல் முதல் ஸ்டார்ட் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது பெட்ரோல். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் பெட்ரோலே அல்ல, பிசின். டேங்கை இறக்கிக் கழுவித்தான் ஆக வேண்டும். கார்பரேட்டரைப் பிரித்து ஜெட்டையும் ஃப்ளோட்டையும் சுத்தம் செய்ய வேண்டும். முன்பு இத்தோடு வேலை முடிந்தது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், அங்கே துரு பிடிக்கும். பழைய ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரமும் எத்தனாலுக்காகச் செய்தவை அல்ல, ஊதி இளகிவிடும். அதனால் குழாய்களை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள். ஒரு ஃபில்டர் சேருங்கள். டேங்கில் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

ஈரம் என்றதும் நம் ஊர் சமாச்சாரம் வந்துவிடுகிறது. சென்னைக்காரர் வண்டி வெயிலில் காயும், நம் வண்டி சாரலில் ஊறும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று நமக்குச் சொர்க்கம், இரும்புக்கு நரகம். உறை போட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். பிளாஸ்டிக் தார்ப்பாய் உள்ளே ஏறிய ஈரத்தை வெளியே விடாது. மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், கதவுக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதி அரித்திருக்கும். அம்பாசிடரில் தனிச் சட்டம் கிடையாது, பாடியே எலும்பு. ஆகவே விலை கேட்கும் முன், கலர் அடிக்கும் முன், ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கீழே படுங்கள். கதவடி, டிக்கித் தரை, ஜாக்கி வைக்கும் இடம், பின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடம், எல்லாவற்றையும் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் டிங்கரிங் வேலை பெரிது. உண்மையில் செலவைத் தீர்மானிப்பது எஞ்சின் அல்ல, இந்தத் துருதான்.

இப்போது பிரேக். இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நாம் பிரேக் ஆயில் என்று சொல்லும் திரவமும் ஈரத்தை இழுக்கும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அது சக்கரத்துச் சிலிண்டர்களைத் துருப்பிடிக்க வைத்து இறுக்கியிருக்கும். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பெடலை மிதித்தால் கெட்டியாகவே இருக்கும், நீங்களும் சரி என்று நம்பிவிடுவீர்கள். இந்தக் காலத்து வண்டியில் பிரேக்குக்கு இரண்டு தனித்தனிப் பாதை இருக்கிறது, ஒன்று போனால் மற்றது பிடிக்கும். என் அப்பாவின் அம்பாசிடரில் ஒரே பாதை. எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் நாலு சக்கரமும் போச்சு. அதனால் மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், ஹோஸ்கள், உலோகக் குழாய், எல்லாம் புதிது. ஒன்றைக்கூடப் பழையதாக விடவில்லை. எனக்கு எஞ்சினைவிட பிரேக்குக்குத்தான் அதிகம் செலவானது. அந்தக் காசை நான் வருத்தமில்லாமல் கொடுத்தேன், ஏனென்றால் பின் சீட்டில் உட்காரப் போவது எண்பத்து மூன்று வயதுக்காரர்.

டயரையும் அப்படியே பாருங்கள். பட்டன் இருக்கிறது, ஓட்டலாம் என்பார்கள். டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முந்தைய டயர், மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

உதிரி பாகம் பற்றிப் பயப்பட வேண்டாம். உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது 2014 மே மாதம்தான், அதுவரை அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய வண்டி. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும், கொல்கத்தாவிலிருந்து வரவழைப்பவர்களும் இருக்கிறார்கள். பத்மினிக்குக் கொஞ்சம் அலைய வேண்டும், மும்பை வரை கேட்க வேண்டி வரும். மாருதி 800-க்கு நம் தென்காசிக் கடைகளே போதும். கிடைக்காதது பாகமல்ல, ஆள். பாயிண்ட் கேப் வைக்கவும் கார்பரேட்டர் ட்யூன் பண்ணவும் தெரிந்த மெக்கானிக்குகளுக்கு இப்போது அறுபது எழுபது வயது. அவர்களில் ஒருவர் இன்னும் பட்டறைக்கு வருகிறார் என்றால் இந்த வருடமே வண்டியைக் கொண்டுபோங்கள். பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

எழுந்த வண்டியை உடனே எங்கேயும் கொண்டுபோகாதீர்கள். முதலில் நம் காம்பவுண்டுக்குள், நடக்கும் வேகத்தில், இருபது முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். பதிவும் இன்ஷூரன்ஸும் கைக்கு வந்த பிறகு, விடியற்காலை தென்காசியிலிருந்து குற்றாலம் வரை போய்வரலாம், ஐந்தாறு கிலோமீட்டர்தான், மேடு பள்ளம் இல்லை. சீசன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். மெயின் அருவிக்குப் போகும் வரிசையில் ஊர்ந்துகொண்டே நின்றால் ரேடியேட்டர் கொதிக்கும், பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். அப்பா காலத்து டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி போடுவது அதற்குத்தான். செங்கோட்டை தாண்டி புளியரை மலைப்பாதை எல்லாவற்றுக்கும் கடைசி. டிரம் பிரேக் சூடேறினால் பிடிக்காது, இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள், பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

காமராஜர் பயன்படுத்திய எம்.டி.டி. 2727 செவர்லே சென்னையில் வருடக்கணக்கில் சும்மா நின்று, அண்மையில் புதுப்பிக்கப்பட்டது. அதற்குப் பின்னால் ஒரு கட்சி இருக்கிறது. நம் வண்டிக்குப் பின்னால் நம் மாதச் சம்பளம் மட்டும்தான். ஆகவே ஒன்றைத் தயங்காமல் சொல்கிறேன்: கீழே குத்திப் பார்த்துப் பாடி போயிருந்தால், வாரிசுகள் ஒத்துவராவிட்டால், வாரம் ஒருமுறை எடுத்து ஓட்ட உங்களுக்கு நேரமில்லை என்றால், விற்றுவிடுங்கள். காயலாங்கடைக்கு எடைக்குப் போடும் முன், அதே மாடலை வைத்திருப்பவருக்குக் கொடுங்கள், அவருக்கு ஒரு கதவாவது உதவும். எதற்கும் விற்றதற்கான காகிதத்தை வாங்கி வையுங்கள், பெயர் மாற்றம் முடியும்வரை ரோட்டில் நடப்பதற்குப் பொறுப்பு உங்கள் பெயரில்தான் இருக்கும்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஜூன் என்ற கெடு இருக்கட்டும், அது நல்லதுதான், சாரலுக்கு முன் முடிந்துவிடும். ஆனால் ஏப்ரல் கடைசிக்குள் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி வேலை ஆரம்பித்தவர்களுக்கு மட்டும் இன்னும் மூன்று மாதம் கொடுங்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் காலி இடத்தை அவர்களுக்கு ஒதுக்கலாம், அங்கே ஆயில் சிந்தினாலும் யார் வாசலும் கெடாது. வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் ஜாக்கியும் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு வருகிறேன். மூன்று வீட்டுக்காரர்களும் பழைய லுங்கி கட்டிக்கொண்டு வாருங்கள், கீழே படுத்துப் பார்ப்போம்.